மாலை ஆறரை மணிக்கு வீட்டில் என்ன இருக்கிறது?

பாக்கெட் உணவைக் குறைக்க வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. மருத்துவர் சொல்கிறார், பள்ளியில் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் மாலை ஆறரை மணிக்கு பிஸ்கட்டும் நூடுல்ஸும்தான் தட்டுக்கு வருகின்றன. நான் கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார். இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த ஆறரை மணிக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் குடும்பம் சாப்பிடும். டியூஷன் முடிந்து பசியோடு வரும் பிள்ளையிடம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. "ஏங்கண்ணு, பசிக்குதுன்னு வர்ற பையனக் காக்க வெக்கலாமா?" என்று என் மாமியார் கேட்பார். நியாயமான கேள்வி. அவனைக் காக்க வைக்காமல் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன்னால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பாக்கெட்டில் வருவதெல்லாம் கெடுதல் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. பாலும் பாக்கெட்டில்தான் வருகிறது. ரவை, அவல், உறைய வைத்த பச்சைப் பட்டாணி எல்லாமே ஏதோ ஓர் ஆலையைக் கடந்து வந்தவைதான். இவற்றால் நமக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இவைதான் துணை. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மான்டெய்ரோ, பதப்படுத்தும் அளவை வைத்து உணவுகளை நான்கு வகையாகப் பிரித்தார். 'நோவா' என்று பெயர். அதில் நாம் கவனிக்க வேண்டியது நான்காவது வகை: வீட்டுச் சமையலறையில் இல்லாத பொருட்களைச் சேர்த்து, ஆலையில் உருவாக்கி, அதிகமாகச் சாப்பிடத் தூண்டும் சுவையோடு வருபவை. சிப்ஸ், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், கிரீம் பிஸ்கட், பாட்டில் குளிர்பானம் எல்லாம் இதில் வரும்.

'அதிகமாகச் சாப்பிடத் தூண்டும்' என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலின் குழு 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 20 பேரை ஆய்வுக் கூடத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் இந்த நான்காம் வகை உணவையும், இரண்டு வாரம் பெரிதாகப் பதப்படுத்தாத உணவையும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டார்கள். ஆலை உணவைச் சாப்பிட்ட நாட்களில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளினார்கள். இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறியது. பெரியவர்களுக்கே இப்படியென்றால், "நாலு சிப்ஸ் மட்டும் எடுத்துக்கோ" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்வதில் அர்த்தமே இல்லை. பிள்ளையின் மேல் குற்றம் இல்லை, பொருளின் தன்மை அப்படி. அதனால் பிள்ளையைத் திட்டுவதை விட்டுவிட்டு, அந்தப் பொருள் வீட்டுக்குள் வருவதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

கடையில் பாக்கெட்டின் முன்பக்கத்தை நாங்கள் பார்ப்பதில்லை, நேராகப் பின்பக்கம். சேர்மானப் பொருட்களை எடை அதிகமுள்ளதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது இந்தியாவில் விதி. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே போதும். 'மல்டிகிரெயின்' என்று முன்னால் பெரிதாகப் போட்டிருக்கும் ரொட்டியில் முதலில் மைதா இருந்தால் அது மைதா ரொட்டிதான். இந்த வேலையை என் மகளிடம் கொடுத்தேன். "அம்மா, இதுல ரெண்டாவதா சர்க்கரை இருக்கு" என்று அவளே எடுத்த இடத்தில் திருப்பி வைக்கிறாள். நான் சொல்லி வைத்திருந்தால் அழுகை வந்திருக்கும்.

சத்து அட்டவணையில் 'ஒரு பரிமாறலுக்கு' என்று ஒரு கணக்கு இருக்கும். அதை நம்ப வேண்டாம். மூன்று பிஸ்கட்டோடு யார் நிறுத்துகிறார்கள்? 100 கிராமுக்கு எவ்வளவு என்பதைப் பாருங்கள். 100 கிராமில் 25 கிராம் சர்க்கரை என்றால் நூற்றில் கால் பங்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது; சோடியம் கணக்கில் 2000 மில்லிகிராம். பாக்கெட்டில் சோடியம் என்றுதான் இருக்கும், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. பல இன்ஸ்டன்ட் நூடுல்ஸ்களில் 100 கிராமுக்கு 1000 மில்லிகிராமை ஒட்டி சோடியம் இருக்கிறது. ஒரு நாள் உப்பில் பாதி அதிலேயே தீர்ந்துவிடுகிறது. பாலில் கலக்கும் சத்து பானப் பொடிகளையும் பெயரை வைத்து நம்ப வேண்டாம். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகை உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்று காட்டி, அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்க வேண்டாம் என 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. எங்கள் வீட்டில் பாலைப் பாலாகவே குடிக்கிறார்கள்.

இனி அந்த ஆறரை மணிக் கிண்ணம். அதை நிரப்பும் வேலை வார இறுதியிலேயே தொடங்குகிறது. சனி இரவு கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊற வைத்து, ஞாயிறு காலை வேகவைத்து, ஆறியதும் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். மாலையில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த்துருவல் போட்டால் ஐந்தே நிமிடத்தில் சுண்டல். தேங்காயையும் மொத்தமாகத் துருவி ஃப்ரீசரில் வைப்பது வழக்கம். நிலக்கடலை வரும் பருவத்தில் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்தது. மற்ற நாட்களில் ஊறவைத்த அவல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இல்லாவிட்டால் காலை இட்லியை உதிர்த்துப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிரட்டியது. வாரம் இரண்டு நாள் ராகிப் புட்டு. ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தானியங்களில் வேறெதிலும் இவ்வளவு கிடையாது. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் உடம்புக்குச் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டோம் என்று சொல்லி இவற்றை அள்ளிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். புட்டுக்கு ஒரு தேக்கரண்டி போதும், மிச்சத்தைத் தேங்காய் பார்த்துக்கொள்ளும்.

மாவுதான் வாரத்தின் அஸ்திவாரம். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. கடை மாவை நம்பி இருக்க வேண்டிய அவசியம் இங்கே யாருக்கும் இல்லை. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உளுந்தைத் தனியாக, குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். மார்கழியில் புளிக்க ராத்திரி முழுக்க வேண்டும். சித்திரையில் ஆறேழு மணி நேரத்தில் எழும்பிவிடும், உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் வெங்காயம் போட்டுப் பணியாரமோ ஊத்தப்பமோ. இதோடு இரண்டு பொடிகள் அரைத்து வைத்தால் வாரம் ஓடிவிடும். எங்களுக்குக் கொள்ளுப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும். சட்னி அரைக்க நேரமில்லாத காலையில் ஜாம் பாட்டிலைத் தேட வைக்காதது இந்தப் பொடிகள்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தனியாக யோசனை சொல்ல வேண்டியதில்லை, அரிசிம்பருப்பு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குச் சற்று மேலாகத் துவரம்பருப்பு. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், தட்டிய மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை. ஒரு கை சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள். வதங்கியதும் மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு பிடி தேங்காய்த்துருவல், கழுவிய அரிசி பருப்பு. மூன்று விசில். ஆவி அடங்கித் திறந்ததும் உருவிய முருங்கைக் கீரையை ஒரு கை போட்டுக் கிளறி மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். மேலே கொஞ்சம் நெய், பக்கத்தில் தயிர். வீட்டுக்குள் நுழைந்ததும் குக்கரை வைத்துவிட்டால், முகம் கழுவித் துணி மாற்றி வரும்போது சாப்பாடு தயார். வெளியில் ஆர்டர் போட்டாலும் வண்டி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். சின்ன வெங்காயம் உரிப்பது ஒன்றுதான் கஷ்டம்; அதை ஞாயிறு மாலை எல்லோரும் உட்கார்ந்து உரித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறோம்.

முன்கூட்டிச் சமைத்து வைப்பதில் ஒரு கவனம் வேண்டும். சோற்றை மணிக்கணக்கில் மேடையிலேயே விடக் கூடாது. 'பாசில்லஸ் சீரியஸ்' என்ற நுண்ணுயிரியின் வித்துகள் சோறு வெந்த பிறகும் உயிரோடிருக்கும். வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. சீக்கிரம் ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வேகவைத்த பயறுக்கும் இதேதான்.

நம் பழைய பண்டங்களையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ எனக்கு மனம் இல்லை. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றிலும் உப்பு மிக அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 'வீட்டில் போட்டது' என்பதால் உப்பு குறைந்துவிடாது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பேக்கரி. மாலை டீயோடு பஃப்ஸ் சாப்பிடாத கோவைக்காரர் குறைவு. எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் இந்தியாவில் விதி இருப்பது நல்ல விஷயம். ஆனாலும் மைதாவும் கொழுப்பும் அப்படியேதான் இருக்கின்றன. பேக்கரிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் குடும்பத்தோடு போகிறோம், பிடித்ததை வாங்கிச் சாப்பிடுகிறோம், யாரும் யாரையும் கண்காணிப்பதில்லை. முழுத் தடை போட்ட வீடுகளில் பிள்ளைகள் கைக்காசில் ஒளித்து வாங்குகிறார்கள்.

குறைக்கும்போது ஒன்றொன்றாகக் குறைப்பதே நிலைக்கும். முதலில் குளிர்பானம், அது பழகியதும் பிஸ்கட், பிறகு நூடுல்ஸ் என்று போனோம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தூக்கி எறிந்தால் அடுத்த வாரம் எல்லாம் திரும்பி வரும். நாக்கு மாறும், ஆனால் அவகாசம் கேட்கும்.

கடைசியாக, இந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்று. 'வீட்டுச் சமையலுக்குத் திரும்புங்கள்' என்று மேடைகளில் சொல்லும்போது, வீட்டில் யார் சமைப்பது என்று யாரும் சொல்வதில்லை. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். வீட்டு வேலையில் கையே வைக்காத ஆண்கள் அந்த 97-ல் வரவும் இல்லை. அலுவலகம் முடிந்து வரும் பெண்ணின் தலையில் சுண்டலையும் பொடியையும் மாவையும் கூடுதலாக ஏற்றினால் அவள் ஒரு மாதம் தாங்குவாள், அதற்கு மேல் முடியாது. பாக்கெட்டுகள் நம் வீட்டுக்குள் வந்ததே அந்தக் களைப்பின் வழியாகத்தான். எங்கள் வீட்டில் மாவாட்டுவதும் கிரைண்டர் கழுவுவதும் என் கணவரின் வேலை. ஞாயிறு விடிகாலை சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருவதும் அவரே. மகன் காய் நறுக்குகிறான். மாமியார் பக்குவம் சொல்வார். குனிந்து நிமிரும் வேலையை அவரிடம் விடுவதில்லை. இப்படிப் பிரித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் மேலே எழுதிய எதுவும் எங்கள் வீட்டில் நடந்திருக்காது.

ஆகவே இதைப் படிக்கும் ஆண்களிடம்தான் என் வேண்டுகோள். இந்த ஞாயிறு கிரைண்டரை நீங்கள் போடுங்கள். உளுந்து ஆட்ட அரை மணிக்குச் சற்று மேலாகும், அரிசிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். கழுவித் துடைத்து வைப்பது வரை உங்கள் வேலை.