நத்தார் மாலை: கோப்பதும் கட்டுவதும்

விக்டோரியா அரசியின் குடும்பத்தினர் நத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848ஆம் ஆண்டு இலண்டன் வார இதழொன்றில் வெளிவந்தது. அதன் பின்னர் மரம் வைத்து அலங்கரிக்கும் வழக்கம் பிரித்தானிய இல்லங்களில் விரைந்து பரவிற்று. இன்று மினுங்கும் பிளாஸ்டிக் மாலைகள் கடைகளில் நிறைந்துள்ளன. ஆயினும், வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு மாலை செய்வது எளிது, செலவும் குறைவு. கோயிலுக்குப் பூமாலை கட்டிப் பழகிய மூத்தோரின் கைகளுக்கு இது புதிய வேலையும் அன்று.

தோடம்பழ மாலை

இரண்டு தோடம்பழங்களை 5 மில்லிமீற்றர் தடிப்பான வட்ட வில்லைகளாக வெட்டுக. சாற்றைச் சமையலறைத் தாளால் ஒற்றி எடுத்து, தட்டில் அடுக்கி, 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓவனில் வைக்கவும். மணிக்கொருமுறை திருப்பிவிட்டால் மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். நடுப்பகுதி பிசுபிசுப்பாக இருந்தால் மேலும் சிறிது நேரம் வைக்க வேண்டும். ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். பின்னர் தடித்த ஊசியால் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் கோக்கவும். 2 மீற்றர் மாலைக்கு 12 வில்லைகள் போதும். இடையிடையே கறுவாப்பட்டைத் துண்டுகளைக் கட்டினால் அறையில் நறுமணம் கமழும்.

காகிதச் சங்கிலி

இது சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. ஏ4 தாளைக் குறுக்காக 3 சென்ரிமீற்றர் அகலக் கீற்றுகளாக வெட்டினால், ஒரு தாளில் ஒன்பது கீற்றுகள் கிடைக்கும். முதற் கீற்றின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்குக. அடுத்த கீற்றை அவ்வளையத்தினூடே நுழைத்து ஒட்டுக. நான்கு தாள்களில் ஏறத்தாழ 2 மீற்றர் சங்கிலி உருவாகும்.

இலை மாலை

நத்தார் மரத்தின் அடியில் வெட்டி நீக்கிய சிறு கிளைகளே இதற்குப் போதுமானவை. கயிற்றின் ஒரு முனையைக் கதிரையில் கட்டுக. மூன்று நான்கு கிளை நுனிகளை ஒரு கொத்தாகக் கயிற்றின்மேல் வைத்து, தண்டுகளை நூலால் இருமுறை சுற்றி இறுக்குக. அடுத்த கொத்தின் இலைகள் முந்தைய கொத்தின் தண்டுகளை மறைக்க வேண்டும். பூச்சரம் கட்டத் தெரிந்தவர் ஒருவர் அருகிலிருந்தால் பிள்ளைகள் இதனை விரைவில் கற்றுக்கொள்வர்.

வேலியோரத்தில் இனந்தெரியாத கிளைகளை வெட்டுதல் ஆகாது. யூ மரத்தின் இலைகளும் விதைகளும் கடும் நச்சுடையவை. ஹொலி, மிசில்ரோ ஆகியவற்றின் பழங்களும் சிறுவர்கள் வாயில் வைக்கத் தகாதவை.

எங்கே தொங்கவிடுவது?

இம்மாலைகள் யாவும் எளிதில் தீப்பற்றுவன. இலை மாலையோ நாளுக்கு நாள் உலர்ந்து மேலும் ஆபத்தாகும். ஆகையால் அடுப்பு, கணப்பு, வெப்பமூட்டி, மெழுகுதிரி, சாமி விளக்கு ஆகியவற்றுக்கு அருகிலும் மேலும் மாலை கட்டக் கூடாது. வெளியேறும் கதவையும் படிக்கட்டையும் மறைத்தலும் தவறு. மின்விளக்குச் சரங்களை உறங்கச் செல்லுமுன் அணைக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி, அது ஒலிக்கிறதா எனப் பார்த்துக்கொள்வது நன்று. தீப்பற்றினால் அனைவரும் உடனே வெளியேறி 999 இலக்கத்தை அழைக்க வேண்டும். எப்பொருளுக்காகவும் உள்ளே திரும்பிச் செல்லலாகாது.

பண்டிகை முடிந்த பின்

சனவரி 5 அல்லது 6ஆம் நாளில் அலங்காரங்களை இறக்குவது இந்நாட்டு வழக்கம். மினுக்கும் பிளாஸ்டிக் பூச்சும் இல்லாத காகிதம் மீள்சுழற்சித் தொட்டிக்குரியது. பழ வில்லைகளை நூல் நீக்கி உணவுக் கழிவுத் தொட்டியிலும், இலைகளைத் தோட்டக் கழிவிலும் இடலாம். நூலையும் ஊசியையும் பத்திரப்படுத்தினால், அடுத்த மார்கழியில் அவை மீண்டும் உதவும்.