தோண்டுமுன் தேடுக



மலையுச்சியில் செய்தித் தொடர்புக் கோபுரம் எழுப்புவதாயின், கடப்பாரை வீழுமுன் அவ்விடத்தில் பழம்பொருள் உண்டா என்று ஆராய்தல் வேண்டும் என்பர் தொல்லியல் அறிஞர். இஃது எதற்காக? பௌத்தராகிய நமக்கு இதில் என்ன தொடர்பு? இவ்விரண்டையும் இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண் சாரநாத்தை நினைவு கூர்வோம். பகவன் புத்தர் முதல் அறவுரை பகர்ந்த அவ்விடத்தில் தருமராஜிகம் என்னும் தூபி இருந்தது. 1794ஆம் ஆண்டில் காசி நகரத்து ஜகத்சிங் என்பாரின் ஆட்கள் கட்டடத்திற்குச் செங்கல் வேண்டி அதனை இடித்தனர். உள்ளே ஒரு கற்பேழையும், அதனுள் பச்சைச் சலவைக்கற் சிமிழும், அதில் எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. எலும்புகள் கங்கையில் விடப்பட்டன. அவை யாருடைய தாதுக்கள் என்பதை இனி எவரும் ஆராய்ந்தறிய இயலாது. இதனைச் செய்தோர் பகைவர் அல்லர். இறந்தோர் எலும்புக்குத் தாம் அறிந்த மரியாதையையே அவர்கள் செய்தனர் எனலாம். கேட்டிற்குக் காரணம் அறியாமை. நம் தம்மம் அவித்தை என்று கூறுவது இதனையே.

இனி, மற்றொரு காட்சி. கிருஷ்ணை ஆற்றில் நாகார்ஜுனசாகர் அணைக்கு 1955ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. இக்ஷ்வாகு மன்னரின் விஜயபுரி இருந்த நாகார்ஜுனகொண்டாப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கும் என்பது முன்பே தெரிந்திருந்தமையால், 1954 முதல் 1960 வரை இரா. சுப்பிரமணியம் அவர்கள் தலைமையில் அகழாய்வு நடந்தது. கற்காலக் கருவிகள் முதல் விகாரைகள், தூபிகள், ஆற்றுப் படித்துறை வரை யாவும் அளந்து பதிவு செய்யப்பட்டன. சில கட்டடங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, இன்று தீவாக நிற்கும் குன்றின் மேல் மீண்டும் அமைக்கப்பட்டன. அணையும் எழுந்தது, அறிவும் பிழைத்தது.

கோபுரத்திற்கும் இதுவே முறை. அலை தடையின்றிச் செல்ல இன்றைய பொறியாளர் குன்றை நாடுகின்றனர்; தனிமை வேண்டி அன்றைய பிக்குகளும் குன்றையே நாடினர். கோபுரத்தின் அடித்தளம் சிறிது. ஆயினும் பாதையும் கம்பிவடப் பள்ளமும் நெடுந்தூரம் செல்லும். ஆதலின் முதலில் பழைய வரைபடங்களையும் பதிவுகளையும் பார்ப்பர். பின் நிலத்தை நடந்து நோக்கி, பானையோடு, பழஞ்செங்கல், செதுக்கிய கல் ஆகியவற்றைத் தேடுவர். ஐயமுள்ள இடத்தில் சிறு குழியிட்டு அடுக்கடுக்காக மண்ணை நீக்கிக் குறிப்பெழுதுவர். ஏதேனும் தென்படின் அடித்தளத்தைச் சற்றே தள்ளி அமைக்கலாம். வரைபடத்தில் கோட்டை மாற்றுவது எளிது. இறுகிய காரையை மாற்றுவது அரிது.

நூற்பாலையில் இழை அறுந்தால் முனைகளை இணைத்துவிடலாம். கலைந்த மண்ணடுக்கை எக்கை இணைக்கும்?

1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி மத்திய அரசு காக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் தடை செய்யப்பட்டுள்ளது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். ஆனால் இன்னும் எவர் கண்ணிலும் படாத தூபிக்கு இவ்வேலி இல்லை. அதற்கு வேலி, ஊரார் விழிப்பே.

ஆதலின் கோபுரத்தை எதிர்த்தல் நம் நோக்கமன்று. நோயாளிக்கு மருத்துவரை அழைக்க அதுவும் வேண்டும். தேடிய பின் கட்டுக என்பதே நம் வேண்டுகோள். நாமே விகாரை கட்டத் தோண்டினும் விதி இதுவே. மண்ணில் கிடைப்பது பிற சமயத்தார் சின்னமாயினும் அதே கருணையுடன் காத்தல் வேண்டும். பழம்பொருள் கண்டால் கைவைக்காது, வீட்டிற்கும் கொண்டு செல்லாது, கண்ட இடத்திலேயே விட்டு, அதிகாரிகளுக்கு உடனே அறிவியுங்கள்.

சிந்தனைக்கு:

1. சாரநாத்தில் இழந்தது யாது? நாகார்ஜுனகொண்டாவில் காத்தது யாது?

2. நும் ஊர்க் குன்றில் பழஞ்செங்கல்லோ செதுக்கிய கல்லோ உண்டா? முதியோரைக் கேட்டு எழுதி வைக்க.