பூட்டிய கடையும் ஒரு பாடமே

வளரும் சந்தைகளில் நம்பத்தக்க தகவலைத் தரும் அமைப்புகள் குறைவு என்று தருண் கன்னா, கிருஷ்ண பாலேபு என்னும் பேராசிரியர்கள் 1997-இல் எழுதினர். அதன் பொருள் எனக்குக் கடைத்தெருவில்தான் விளங்கிற்று.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி கம்பெனிகள் ஆண்டுக் கணக்கைப் பதிவாளரிடம் ஒப்படைக்கின்றன. தனியொருவர் நடத்தும் கடைக்கு அக்கட்டாயம் இல்லை. அதன் கணக்கு அவர் பெட்டிக்குள் உறங்கும்.

டில்லி காரி பாவ்லி மசாலாச் சந்தைக்குள் நாற்பது வினாக்களுடன் நுழைந்தேன். "வரி அலுவலகமா?" என்றார் ஒரு வணிகர். கடன் கொடுப்பதே இல்லை என்றும் சாதித்தார். வினாத்தாளை மடித்து வைத்தேன். மூன்று நாள் அவரோடு அமர்ந்து தேநீர் அருந்தினேன். பிறகு, "கடைசியாக யாருக்குக் கடன் மறுத்தீர்கள்?" என்றேன். கொடுத்த கதை, மறுத்த கதை எல்லாம் வெளிவந்தன. கருத்தைக் கேட்பதினும் நிகழ்ச்சியைக் கேட்பது நன்று.

ஆயினும் பெரும்பிழை ஒன்று செய்தேன். கடன் கொடுத்தோர் செழித்தனர் என்று முடிவு எழுதிவிட்டேன். எதிரே பூட்டிக் கிடந்த கடையும் தாராளமாகக் கடன் கொடுத்ததே என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்! வீழ்ந்தவர் நம் வினாவுக்கு விடையளிக்க வருவதில்லை; நாமே அவரைத் தேடிச் செல்லவேண்டும். எழுதிய அதிகாரத்தைக் கிழித்தேன். அந்த ஆறு திங்கள் உழைப்பை நான் இழப்பெனக் கருதவில்லை.