பக்கத்துக் கடைக்கும் காரா?

பள்ளிக்கூடம் 2 கிலோமீட்டர், காய்கறிக் கடை அதிலும் பாதி. இப்படியே ஓடும் கார் மைலேஜ் தராததில் வியப்பில்லை. குளிர்ந்த இன்ஜின் சூடேறும்வரை கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும். அது சூடேறுவதற்குள் நாம் வண்டியை நிறுத்திவிடுகிறோம்.

மைலேஜைவிட ஆயில்தான் பெரிய கவலை. எரியாத பெட்ரோல் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கும். எரியும்போது உண்டாகும் நீராவியும் உள்ளே தண்ணீராகப் படியும். நீண்ட ஓட்டத்தில் இரண்டும் ஆவியாகிப் போய்விடும், குட்டி ஓட்டத்தில் அங்கேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். மோர் நிறத்தில் வழவழப்பாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்த ஈரம்தான். கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

வாரம் ஒருமுறை புறவழிச்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். பேட்டரியும் சார்ஜ் ஏறும். பிஎஸ்6 டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. அதன் டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரி, புகை நன்கு சூடானால்தான் எரிந்து தீரும்.

காலையில் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவது வீண். அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாகக் கிளம்புங்கள். நாலு வேலையை ஒரே சுற்றில் முடியுங்கள், தூரமான இடத்துக்கு முதலில் போய்விட்டு. கிலோமீட்டர் கணக்கு ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கையேட்டில் போட்டிருக்கும் மாதக் கணக்கைப் பாருங்கள். தெருமுனைக் கடைக்கு நடந்தே போய் வாருங்கள்.