குளியலறையில் ஒரு ஹைட்ராலிக்ஸ் லேப்



"நீ டிப்ளமோதானே படிக்கிற? பாத்ரூம் குழாயில தண்ணி ஃபோர்ஸா வரல, என்னான்னு பாரேன்" என்ற கேள்வியைச் சிவில் மாணவர்களில் பலர் வீட்டில் கேட்டிருப்பீர்கள். லேபில் பீசோமீட்டர் ரீடிங் எடுத்து, ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். வீட்டுக் குழாய் முன் நின்றால் மட்டும் "பிளம்பரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பாடத்தைக் குளியலறையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இக்கட்டுரை.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

மொட்டை மாடி டேங்கிலிருந்து தண்ணீர் வரும் வீட்டில், குழாய் மூடியிருக்கும்போது அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம் ஒன்றுதான். ஒரு மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ. சாதாரண ஒற்றை மாடி வீட்டில் டேங்க் நீர்மட்டத்துக்கும் குளியலறைக் குழாய்க்கும் சுமார் 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும், அதாவது 0.4 கிலோ. வால்வு முக்கால்வாசி அடைத்திருந்தாலும், தண்ணீர் ஓடாதவரை இந்த அழுத்தம் குறையாது.

குழாயைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கியதும்தான் இழப்பு ஆரம்பிக்கிறது. பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, குழாய்களில் செய்த சோதனைகளை 1857-இல் வெளியிட்டார். குழாயின் உட்புறம் எவ்வளவு சொரசொரப்போ, அவ்வளவுக்கு இழப்பும் கூடும் என்பதை அவை காட்டின. நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் உராய்வுச் சூத்திரத்தில் அவர் பெயர் இருப்பது இதனால்தான்.

அச்சூத்திரத்தில் நாம் கவனிக்க வேண்டியது விட்டம். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது, இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். 15 மி.மீ. ஜி.ஐ. பைப்பில் உப்பும் துருவும் படிந்து 10 மி.மீ. ஆகிவிட்டது என்று வையுங்கள். இழப்பு ஏழரை மடங்கு! டேங்க் உயரம் மாறாததால், வரும் தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

"டேங்கை இன்னும் ஒரு மீட்டர் தூக்கிக் கட்டுங்க" என்று சொல்பவர்களுக்கும் கணக்கிலேயே பதில் உண்டு. ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4 மீட்டரை 5 ஆக்கினால் கூடுவது 12 சதவீதம் மட்டுமே. நிமிடத்துக்கு 3 லிட்டர் வந்த குழாயில் 3.4 லிட்டர் வரும். அதற்குச் செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் தேவையா?

முதலில் அளக்க வேண்டும்

15 லிட்டர் வாளி ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். வாளி நிறைய எவ்வளவு நேரம் என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒன்றரை நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர்; குளிக்கத் தாராளம். ஐந்து நிமிடம் என்றால் 3 லிட்டர், எங்கோ அடைப்பு. பிறகு, கோளாறு எங்கெங்கே என்று பிரியுங்கள்.

1. ஒரு குழாயில் மட்டும் குறைவு: குழாய் வாயில் உள்ள வலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேயுங்கள். வலை இல்லாத பழைய மாடல் என்றால், வால்வை மூடிவிட்டு குழாய்த் தலையைக் கழற்றி வாஷரைப் பாருங்கள்.

2. வெந்நீரில் மட்டும் குறைவு: கீசருக்குப் போகும் வால்விலோ, கீசருக்குள்ளோ உப்பு படிந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தாமல் அதில் கை வைக்கவே கூடாது.

3. டேங்க் காலியாகி நிரம்பிய பிறகு குறைவு: ஏர் லாக். மொட்டை மாடியில் பைப் மேலெழும்பி வளைந்த இடத்தில் காற்று சிக்கிக்கொள்ளும். போர் மோட்டார் லைனில் நல்ல ஃபோர்ஸ் இருந்தால், அங்கிருந்து ஹோஸ் போட்டு, தண்ணீர் வராத குழாய் வழியே சில விநாடி எதிர்த்திசையில் செலுத்துங்கள். காற்று டேங்க் வழியே போய்விடும். நிரந்தரத் தீர்வு, டேங்க் வால்வை அடுத்து ஒரு டீ போட்டு, டேங்க் நிறைமட்டத்துக்கு மேலே வாய் திறந்திருக்கும் ஏர் பைப்.

4. வீடு முழுக்கக் குறைவு: டேங்க் அடி வண்டலையும் டேங்க் வால்வையும் பாருங்கள்.

5. குளியலறை முழுக்கக் குறைவு, சமையலறையில் நன்றாக வருகிறது: இங்கேதான் நம் பீசோமீட்டருக்கு வேலை.

பெரியம்மா வீட்டில் பார்த்தது

என் பெரியம்மா தனியாக இருக்கிறார். குடும்பப் பென்ஷன்தான் வருமானம். வாளி நிறைய ஐந்து நிமிடம் ஆனதால், மூட்டு வலியோடு வாசல் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து குளித்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த பிளம்பர் அண்ணன், "பிரஷர் பம்ப் வைக்கணும்மா, ஃபிட்டிங்கோட பத்தாயிரம் ஆகும்" என்றார். பெரியம்மா சீட்டுப் பணத்தை எடுக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அரை இஞ்ச் டிரான்ஸ்பரண்ட் டியூப் ஆறு மீட்டர் வாங்கினேன். ஒரு முனையைக் குளியலறைக் குழாய் வாயில் கிளிப் போட்டு இறுக்கி, காற்றுக் குமிழி போகும்வரை தண்ணீர் விட்டேன். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். பிறகு மறுமுனையை வென்டிலேட்டர் வழியே வெளியே எடுத்து, சுவரோரமாக மொட்டை மாடிக்குத் தூக்கிப் பிடித்தோம். தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, டேங்க் நீர்மட்டத்துக்குச் சமமாக நின்றது. "பாருங்கண்ணே, பிரஷர் முழுசா இருக்கு" என்றேன்.

அடுத்து, அதே குளியலறையில் உள்ள வாஷ்பேசின் குழாயைத் திறக்கச் சொன்னேன். டியூபில் இருந்த தண்ணீர் சரசரவென இறங்கி, ஏறக்குறைய பேசின் குழாய் உயரத்துக்கே வந்துவிட்டது.

இதன் பொருள் என்ன? டியூப் மாட்டிய குழாயில் ஓட்டம் இல்லை. ஆகவே டியூப் காட்டுவது, இரண்டு குழாய்களும் பிரியும் டீ-யில் உள்ள அழுத்தம். பேசினைத் திறந்ததும் அது விழுந்தால், இழப்பு டீ-க்கு முன்னால். அது விழாமலேயே பேசினில் தண்ணீர் குறைவாக வந்தால், கோளாறு டீ-க்குப் பின்னால், பேசின் பக்கம். சமையலறையில் நன்றாக வந்ததால் டேங்க் பக்கமும் சந்தேகம் இல்லை. மிச்சம் இருந்தது குளியலறைக்கு வரும் பைப்பும் அதன் கேட் வால்வும்தான்.

பிளம்பர் அண்ணனே வால்வைக் கழற்றினார். கைப்பிடி நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் உள்ளே ஸ்பிண்டிலிலிருந்து கதவு கழன்று வழியை மறித்துக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வால்வு முழுக்கத் திறந்த மாதிரியே தெரியும். அதற்குப் பதில் முழுத் துளை பால் வால்வு மாட்டினார். வாளி ஒன்றேகால் நிமிடத்தில் நிறைந்தது. நிமிடத்துக்கு 12 லிட்டர். வால்வும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. "இந்த டியூப் வேலை நல்லா இருக்கே தம்பி" என்று அவரே அளவு குறித்துக்கொண்டார். துருப்பிடித்த ஜாயிண்டை உடையாமல் கழற்றும் கை அவருக்குத்தான் உண்டு, நமக்கு இல்லை.

பம்ப் எப்போது தேவை?

பம்ப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஷவருக்கு மேலே டேங்க் நீர்மட்டம் ஒரு மீட்டர்தான் என்றால், அடைப்பே இல்லாவிட்டாலும் ஷவர் பொழியாது. அங்கே பம்ப் நியாயம். அடைபட்ட லைனில் வைத்தால் பணம்தான் வீண். குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதோ குற்றம். மோட்டாரைப் பறிமுதல் செய்வதும் உண்டு. அடுத்த வீட்டுத் தண்ணீரை இழுப்பதோடு, கசியும் ஜாயிண்ட் வழியே சாக்கடை நீரும் உள்ளே வரலாம்.

நண்பர்களே, செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரு வாளியை வைத்து அளந்து பாருங்கள். செலவு செய்யும் முன் இழப்பு எங்கே என்று காட்டிக் கொடுங்கள். வைவாவில் "பீசோமீட்டரின் பயன் என்ன?" என்று கேட்டால், புத்தகத்தைத் தாண்டியும் ஒரு பதில் உங்களிடம் இருக்கும்.