மலை ஏறும் மிதிவண்டி

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் பீளமேட்டில் எங்கள் கல்லூரி மாடியில் நின்று வடமேற்கே பார்த்தால், நீலகிரி மலை கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். அந்தக் காட்சிதான் முதலாண்டு மாணவர்கள் இருவருக்கு ஆசையை மூட்டியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வந்து நின்றார்கள்.

“சைக்கிள்லயே குன்னூர் போயிட்டு வரலாங்களா சார்? 70 கிலோமீட்டர்தானுங்க!”

70 கிலோமீட்டர் என்பது சரிதான். ஆனால் மலைப் பயணத்தில் தூரத்தை மட்டும் கேட்பவன் பாதிக் கணக்கைத்தான் கேட்கிறான். மீதிப் பாதி சரிவில் இருக்கிறது. அவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கும் சொல்கிறேன்.

பயணி 55 கி.கி., மிதிவண்டி 15 கி.கி., பை 5 கி.கி.; மொத்தம் 75 கி.கி. என்று கொள்வோம். இதன் எடை 735 நியூட்டன். சமதளத்தில் மெதுவாகச் செல்லும்போது டயர் உருள்வதால் ஏற்படும் தடை எடையில் நூற்றில் ஒரு பங்குதான். அதாவது சுமார் 7 நியூட்டன். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் காற்றின் தடை இன்னொரு 6 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 13 நியூட்டன். சந்தைக்குப் போகும் பெரியவர்கூட இதை எளிதாகச் சமாளிப்பார்.

இப்போது சாலை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது என்று வையுங்கள். கண்ணுக்கு இது ஏற்றமாகவே தோன்றாது. ஆயினும் எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 7 நியூட்டன், பின்னோக்கி இழுக்கத் தொடங்கிவிடும். உருளும் தடை இரு மடங்கானதற்கு இது சமம்! சரிவு ஒவ்வொரு சதவிகிதம் கூடும்போதும் இன்னொரு 7 நியூட்டன் சேரும். 5 சதவிகிதச் சரிவில் மொத்தம் 44 நியூட்டன். 8 சதவிகிதத்தில் 66 நியூட்டன். (ஏற்றத்தில் வேகம் மிகக் குறைவாதலால் காற்றை மறந்துவிடலாம்.)

பீளமேட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கவலையில்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலும் மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், போகும்போது நாம் உண்மையில் இறங்குகிறோம். கல்லாறு தாண்டியதும் கதை மாறுகிறது. அங்கிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 26 கி.மீ. சாலையில் 1300 மீட்டர் ஏற வேண்டும். சராசரிச் சரிவு 5 சதவிகிதம். வளைவுகளில் இன்னும் அதிகம்.

இதற்குத் தேவையான வேலை எவ்வளவு? எடையை உயர்த்த 735 × 1300, அதாவது சுமார் 9.6 லட்சம் ஜூல். உருளும் தடைக்கு 1.8 லட்சம். மொத்தம் 11.4 லட்சம் ஜூல். பழகிய இளைஞன் ஒருவன் மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய திறன் 100 வாட் என்று கொண்டால், நிற்காமல் மிதித்தாலும் 3 மணி 10 நிமிடம் ஆகும். உடலின் தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகவும் வியர்வையாகவும் போகிறது. ஆகவே உள்ளே போக வேண்டியது சுமார் 1100 கிலோ கலோரி. 20 இட்லிக்குக் குறையாது! மாணவர்கள் சிரித்தார்கள். இந்தப் பகுதி அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது பிடிக்கவில்லை. நம் ஊரில் பழகிய சாதாரண சைக்கிளில் கியர் கிடையாது. முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18 பற்கள் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 5.4 மீட்டர் நகரும். பெடலோ 17 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 1.07 மீட்டர்தான் நகர்கிறது. தூரம் ஐந்து மடங்கு கூடினால் விசை ஐந்தில் ஒன்றாகும் என்பது நெம்புகோலில் படித்ததுதான். 8 சதவிகித ஏற்றத்தில் சக்கரத்தில் 66 நியூட்டன் கிடைக்க, பெடலில் சராசரியாக 330 நியூட்டன், அதாவது 34 கி.கி. எடைக்குச் சமமாக அழுத்த வேண்டும். அழுத்தம் சுற்று முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கீழ்நோக்கி மிதிக்கும் உச்ச நிலையில் அது ஒன்றரை மடங்கிற்கு மேல் போகும். 53 கி.கி.! பையனின் எடையே 55 கி.கி.தான். இருக்கையை விட்டு எழுந்து, முழு உடலையும் பெடல்மேல் ஏற்றி நின்றால்தான் வண்டி நகரும். மூன்று மணி நேரம் அப்படி நிற்க முடியுமா?

முன்னும் பின்னும் 28 பற்கள் உள்ள கியர் இருந்தால் அதே ஏற்றத்தில் 14 கி.கி. அழுத்தம் போதும். செய்யும் வேலை குறைவதில்லை. அதைச் சில்லறையாக மாற்றிக் கொடுக்கிறோம், அவ்வளவே.

கியரை மாற்றாமல் பாதையையே மாற்றினால் என்ன? ஆல்ப்ஸ் மலையில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். இத்தாலியின் வடகோடியில் டொப்பியாக்கோ ஊரிலிருந்து கோர்த்தினா வழியாகக் கலால்ட்சோ வரை ஒரு மலை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1964இல் அது மூடப்பட்டது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்தத் தடத்தை மிதிவண்டிப் பாதையாக்கினார்கள். ஊசியிலைக் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே, பழைய சுரங்கங்களின் ஊடாகச் செல்லும் அதன் பெரும்பகுதியில் மோட்டார் வண்டிகள் வருவதில்லை. டொப்பியாக்கோ 1256 மீட்டர் உயரம். கணவாயின் உச்சி 1530 மீட்டர். ஏறத்தாழ 15 கி.மீ.க்குச் சராசரிச் சரிவு 2 சதவிகிதம்கூட இல்லை. சுற்றிலும் 3000 மீட்டர் சிகரங்கள் நிற்க, சிறுவர்களும் பாட்டிமார்களும் அந்தக் கணவாயைக் கடக்கிறார்கள்.

இதற்குக் காரணம் ரயிலின் பலவீனம்தான். எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிமானம் மிகக் குறைவு. ஆகவே பொறியாளர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, சரிவை 2, 3 சதவிகிதத்துக்குள் அடக்கினார்கள். ரயிலுக்காக இழைத்த அந்தச் சரிவு மனிதனின் காலுக்கும் பொருந்திவிட்டது. நம் நீலகிரி ரயில் வேறு வழியில் போயிற்று. 1899இல் குன்னூரை எட்டிய அந்தப் பாதையில் 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது 8 சதவிகிதச் சரிவு உண்டு. பிடிமானம் போதாமல்தான் தண்டவாளங்களின் நடுவே பல்சட்டம் வைத்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறுகிறது. மிதிவண்டியின் ரப்பர் டயருக்கு அந்தக் குறை இல்லை. அது வழுக்காது, நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

நமக்கு அருகே அப்படிக் கைவிடப்பட்ட தடம் உண்டா என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. பொள்ளாச்சிக்குத் தெற்கே, பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு 80 கி.மீ. அளவுக்குக் கொச்சி அரசின் வன டிராம் பாதை இருந்தது. தேக்கு மரம் இறக்குவதற்காக 1907 முதல் 1963 வரை அது இயங்கியது. செங்குத்தான இடங்களில் எஞ்சினே கிடையாது. கம்பிவடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறு முனையில் காலி வண்டி. பாரவண்டி கீழே இறங்க, அதன் எடையே காலி வண்டியை மேலே இழுத்துவிடும்! இறங்கும் பொருளின் நிலை ஆற்றலை வீணாக்காத ஏற்பாடு. ஆனால் அந்தக் காடு இன்று புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. யானை வழித்தடத்தில் மிதிவண்டிப் பாதை கேட்கும் ஆசை எனக்கு இல்லை.

டிராமுக்கு இருந்த அந்தக் கம்பிவடம் மிதிவண்டிக்கு இல்லை. மலை ஏறச் செலவிட்ட ஆற்றல் இறங்கும்போது திரும்ப வரும். அதை எங்கே போடுவது? மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் குன்னூரிலிருந்து கல்லாறுக்கு இறங்கினால், காற்றும் டயரும் தின்றது போக 6 லட்சம் ஜூல் மிஞ்சும். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அவ்வளவு வெப்பத்தையும் நான்கு பிரேக் கட்டைகளும் இரண்டு ரிம்களும் வாங்கி, காற்றில் விட வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதிக்கும், டயருக்குள் காற்றழுத்தம் ஏறும். பிடிக்காமலே விட்டாலோ 8 சதவிகிதச் சரிவில் வேகம் மணிக்கு 43 கி.மீ. வரை போகும்.

நான் மாணவனாக இருந்தபோது இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவன். பர்லியாருக்கு மேலே தூறல் பிடித்தது. என் வண்டி இரும்பு ரிம். நனைந்த இரும்பில் ரப்பர் கட்டை எப்படி வழுக்கும் என்று அன்றுதான் கண்டேன். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் வண்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிரே பேருந்து ஒலிப்பான் கேட்டது. மலைப்பக்கத்து வடிகாலில் வண்டியைச் சாய்த்து விழுந்தேன். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நடந்தது இதுதான். உலர்ந்த சமதளத்தில் என் பிரேக் விநாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்று கொள்வோம். 8 சதவிகிதச் சரிவு அதில் 0.8ஐத் தின்றுவிடும்; மிச்சம் 2.2. மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 7 மீட்டர் தேவை, 43 கி.மீ. வேகத்திலிருந்து 33 மீட்டர். நனைந்து பிரேக்கின் பிடி பாதியானால் மிச்சம் 0.7, அந்தத் தூரங்கள் 22 மீட்டராகவும் 103 மீட்டராகவும் நீளும். பிடி கால் பங்கானால் 0.75; சரிவு கேட்பதோ 0.8. வண்டி நிற்காது, வேகம் கூடாதிருந்தால் அதுவே பெரிது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில், 36 கொண்டை ஊசி வளைவுகளில், பிரேக் பிடிக்காமல் கார்களே கவிழ்ந்திருக்கின்றன.

மாணவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்து, கியர் உள்ள வண்டிகளை இரவல் வாங்கி, புதுப் பிரேக் கட்டை மாட்டி, விடியற்காலையில் புறப்பட்டார்கள். குன்னூரை அடைந்தபோது பிற்பகலாகியிருந்தது. மேலே மேகம் கூடியதும் வண்டிகளைப் பேருந்தின் மேல் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது சற்று வெட்கப்பட்டார்கள். எனக்கு மகிழ்ச்சிதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ.; உயரம் 1793 மீட்டர். சராசரிச் சரிவைக் கண்டுபிடித்து, உங்கள் எடையையும் உங்கள் சைக்கிளின் பற்களையும் எண்ணி, பெடலில் எத்தனை கி.கி. அழுத்த வேண்டும் என்று போட்டுப் பாருங்கள்.