வேடம் மாறிய விளையாட்டு



விளம்பரம் என்றதும் ஓசூர்ச் சாலையோரப் பலகைகளும் தொலைக்காட்சியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் குழந்தையின் கையிலுள்ள விளையாட்டே விளம்பரமாக இருந்தால், அதை எவ்வாறு கண்டுகொள்வது? இதனை ஒரு பழைய வீடியோ விளையாட்டின் வரலாற்றால் அறிவோம்.

1990ஆம் ஆண்டில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் நின்டெண்டோ கருவிக்காக ஒரு விளையாட்டை வெளியிட்டது. ஹனமாரு என்னும் சிறுவன் அதன் நாயகன். அவன் ஒரு நிஞ்சா, அதாவது பண்டைய ஜப்பானிய ஒற்றர் வீரன். மேடைக்கு மேடை தாவி, தன் பருந்தை ஏவிப் பகைவரை வெல்வான்.

அதே ஆண்டில் அவ்விளையாட்டு அமெரிக்காவுக்குச் சென்றது. அங்கே அதன் பெயர் 'யோ! நாயிட்' என்றாயிற்று. நாயிட் என்பது டாமினோஸ் பீட்ஸா நிறுவனம் 1986 முதல் தன் விளம்பரங்களில் காட்டி வந்த, நீண்ட காதுகளுடைய செவ்வுடைக் குறும்பன். பீட்ஸாவைக் கெடுப்பதே விளம்பரத்தில் அவன் வேலை. விளையாட்டிலோ அவனே நியூயார்க் நகரைக் காக்கும் நாயகன்! பருந்து போய் யோயோ வந்தது. எண் சீட்டுகளைக் கொண்டு நடந்த போட்டி, பீட்ஸா தின்னும் போட்டியாயிற்று. மேடைகளும் தாவல்களும் பெரும்பாலும் முன்போலவே இருந்தன.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? விளையாட்டின் இன்பம் தாவுவதிலும், தவறி விழுந்து மீண்டும் முயல்வதிலும் இருந்தது. அதற்குப் பீட்ஸா தேவைப்படவில்லை. பீட்ஸாவுக்குத்தான் விளையாட்டு தேவைப்பட்டது. வழக்கமாக விளம்பரத்துக்கு வணிகரே பணம் தருவார். இங்கோ பெற்றோர் விலை கொடுத்து விளம்பரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தனர்.

இது தொலைதூரத்துக் கதையன்று. டாமினோஸின் முதல் இந்தியக் கடை 1996இல் புதுதில்லியில் திறக்கப்பட்டது. இன்று ஓசூரிலும் பீட்ஸா கடைகள் உண்டு. கேழ்வரகுக் களி உண்டு வளரும் நம் தம்பி தங்கையரும், கைப்பேசி விளையாட்டின் நடுவே கண்ட பண்டத்தைக் கேட்டு அடம்பிடிக்கின்றனர். களியைத் தள்ளிவைக்கும்போது அம்மாவின் முகம் வாடுவதை நாமே பார்க்கிறோம். தம்பியை அடிப்பதாலோ கைப்பேசியைப் பிடுங்குவதாலோ பயனில்லை. அருகில் அமர்ந்து, "இதில் விளையாட்டு எது, விற்பனை எது, சொல் பார்ப்போம்" என்று கேட்போம். பிரித்தறியக் கற்ற பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பயிற்சி:
1. நாயிட்டை நீக்கிவிட்டால் அவ்விளையாட்டில் எஞ்சுவது யாது?
2. நீங்கள் ஆடும் ஒரு விளையாட்டில் எத்தனை பொருள்களின் பெயர்கள் வருகின்றன? எண்ணி எழுதுக.
3. பாண்டி, பல்லாங்குழி ஆகியவற்றில் யாருடைய சரக்கு விற்கப்படுகிறது? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு விடை காண்க.